முந்நூற்று எண்பத்து நான்கு அமரர்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை 10.40. எண்ணிக்கை 383.

நேற்று 384. பதினோராம் தட்டில் மூன்றாவது குழியில் இருந்த ஹைட்ரா போய்விட்டது. காரணம் தெரியாது. தண்ணீர் சரியாக இருந்தது, சூடும் சரியாக இருந்தது, நேற்று மாலை தீனியும் தின்றது. இறப்புப் பத்தியில் 1 என்று எழுதிவிட்டு, இறால் குஞ்சு பொரித்து வைத்திருக்கும் உப்புத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். கட்கி பஜாரில் பொம்பில் கருவாட்டுக் கடை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்போமே, அதே வாடை. "பொம்பில் ரெடி, சாப்ட வாங்க" என்று ஹைட்ராக்களைக் கூப்பிடுவாய். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நான் சொட்டு மருந்து விடுவதுபோல் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

உனக்கு எழுத எனக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நான் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

தாளில் இருப்பது இதுதான். ஆகுர்டியில் இருக்கும் நம் ஆய்வகத்தில் வளரும் ஹைட்ராக்கள், 2022 பிப்ரவரியிலிருந்து இன்றுவரை, மூன்று வருஷம் நான்கு மாதமாக, மூப்பின் அடையாளமே இல்லாமல் வாழ்ந்துவரும் அதே உயிரிகள். கீழே என் பெயர். நீ இல்லாததால் அவற்றை எண்ணியவன் என்று உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். நான் கையெழுத்துப் போட்டால், ஆய்வகத்தை நடத்தும் மேடம் ஹைட்ராவைக் காட்டி விற்கப்போகும் முகப்பூச்சு கடைக்குப் போகும். போடாவிட்டால் என் வேலை போகும். பொய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மேடத்துக்கும் தெரியும்.

தாளோடு ஒரு விளம்பரப் புத்தகமும் வந்திருக்கிறது. வழவழப்பான காகிதம். மூன்றாம் பக்கத்தில் உன் படம். 'இந்த வரிசையைத் தொடங்கியவர்' என்று போட்டிருக்கிறார்கள். உன் இடது கன்னத்தில் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு இரண்டு இருக்குமே, அதைக் காணோம். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் அழித்துவிட்டார்கள். செத்தவன் முகத்துக்கு மெருகு போட்டு, அதைக் காட்டி முகப்பூச்சு விற்கிறார்கள். புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். 

உன் படத்துக்குப் பக்கத்தில் பதிவேட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. உன் கையெழுத்தில், தமிழில், ஒரே ஒரு சொல்: அமரர்.

அந்தச் சொல்லின் கதை நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த முதல் வாரம். நீ கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாய். உன் தாத்தா வெடிமருந்து ஆலை வேலைக்குக் குடியாத்தம் பக்கமிருந்து இந்த மராட்டிய ஊருக்கு வந்தவர், உன் அப்பாவும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படி இருந்தும் என்னைப் பார்த்த உடனே நீ கேட்டது, "அரே மதராஸி, தாளி கெடைக்குற ஹோட்டல் பார்த்துக்கினியா, இல்ல இட்லி தேடி அலையறியா?" நான் கடுப்பில், "நீயும் மதராஸிதான்டா" என்றேன். "நான் கட்கி. அது தனி நாடு" என்றாய்.

அந்த வாரம் மேடம் நம் ஹைட்ரா வரிசைக்கு நல்ல பெயராக ஒன்று வைக்கச் சொன்னார். மறுநாள் பார்த்தால் பதினாறு தட்டு மூடிகளிலும் நீ கோணல்மாணலாகத் தமிழில் 'அமரர்' என்று எழுதி ஒட்டியிருந்தாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடா சிரிப்பு? ஸ்பெல்லிங் தப்பா?"

"ஸ்பெல்லிங் சரி. ஏன்டா இதை எழுதுன?"

"அமர்னா சாவாதவன். கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு ஒரு 'அர்' போட்டேன். அவன், அவர் மாதிரி."

"எங்கூர்ல போஸ்டர் பார்த்ததில்லையா? மாலை போட்ட போட்டோவுக்கு மேல, பேருக்கு முன்னால போடுவாங்க. செத்தவங்களுக்குப் போடற வார்த்தைடா."

நீ ஒரு மூடியைக் கையில் எடுத்தாய். "செத்தவனுக்கு சாவாதவன்னு பேரா? இன்னா பாஷைடா உங்குளுது."

"உன்னுதும்தான்."

பதினாறு ஒட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தாய்.  மாலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது, "ஆனா ஒன்னு, அந்த வார்த்தை ஹைட்ராக்குக் கரெக்டா தான் இருக்கு. யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நான் யோசிக்கவில்லை. எனக்கு யோசிக்கப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும். படிப்பில் வந்ததை நம்பியவன் நான். ஹைட்ரா, நூல் துணுக்கு அளவு உயிர், நன்னீரில் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும், பழைய செல்லை நுனிவழியே தள்ளிவிட்டு சில வாரங்களுக்குள் உடம்பு மொத்தத்தையும் புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே அதற்கு மூப்பு கிடையாது. அவ்வளவுதான் என் அறிவு. அதைப் பார்க்க வருகிற பணக்காரர்களிடமும் அதையே ஒப்பித்தேன். அவர்கள் 'மூப்பு கிடையாது' என்பதைக் காதில் வாங்கி 'சாவு கிடையாது' என்று மனதில் எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

திருத்தியது நீதான். ஒருவர் சிங்கி இறாலும் சாகாதாமே என்று கேட்டார். "அப்போ மார்க்கெட்ல ஐஸ் மேல படுத்துக்கினு இருக்கே சார், அது யோகாவா?" என்றாய். நன்றாக வளர்ந்த சிங்கி இறால் ஓடு மாற்றுகிற உழைப்பிலேயே ஓய்ந்து செத்துப்போவதும் உண்டு என்று பிறகு ஒழுங்காக விளக்கினாய். அடிபட்டாலும் பட்டினி கிடந்தாலும் மறுபடி குழந்தைப் பருவத்துக்கே திரும்பிப்போகும் ஜெல்லி மீனைப் பற்றி இன்னொருவர் கேட்டார். "இருக்கு சார். ஆனா திரும்பிப் போறதுக்குள்ள மீன் தின்னுடும். தின்னாட்டியும் என்ன, மறுபடி எல்கேஜியா? எனக்கு வேணாம்ப்பா." மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்து நான் குனிந்துகொண்டேன்.

அவர்கள் போனபிறகு திரையில் இருந்த வரைபடத்தைக் காட்டினாய். வயது ஏற ஏறச் சாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் கோடு. மனிதனுடையது மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ஹைட்ராவுடையது படுத்தே இருக்கும்.

"மதராஸி, இந்தக் கோடு தரையில இல்ல பாரு. தரைக்குக் கொஞ்சம் மேல ஓடுது. அந்த கேப் இருக்கே, அதுதான் சாவு. இது சாவாதது இல்லடா. இதுக்கு வயசு ஆயிட்டதால சாவு வராது, அவ்ளோதான். நேத்து எவ்ளோ டேஞ்சரோ இன்னிக்கும் அவ்ளோ டேஞ்சர்."

அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் வைத்தோம், விட்ட மொட்டுகளை அன்றன்றே அகற்றினோம், ஒன்று செத்தால் அதை எழுதிவிட்டு அந்தக் குழியில் வேறொன்றை விட்டுத் தேதி குறித்தோம், வேலை நாள்தோறும் எண்ணினோம். செத்ததைச் சரியாக எழுதினால்தான் மூப்பில்லை என்று சொல்லமுடியும். "சாவு எழுதாம ஆயுசு எப்படிடா எழுதுவ?" என்பாய். பதிவேட்டிலேயே எனக்கு எரிச்சலூட்டும் பத்தி அதுதான். உனக்குப் பிடித்த பத்தி அதுதான்.

பிறகு 2023 மே மாதம். சனி, ஞாயிறோடு சேர்ந்து திங்களும் விடுமுறை. சனிக்கிழமை நீ தீனி போட்டுவிட்டுப் போயிருந்தாய். மின்சாரம் போய், திரும்பி வந்தபோது குளிர்சாதனம் தானாக ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த நாற்றம் இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. அழுகிய இறால் குஞ்சும் சூடான பிளாஸ்டிக்கும். தட்டுகளை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு பொட்டு வெள்ளைச் சளி. யாரோ காறித் துப்பிவிட்டுப் போனதுபோல. 384 குழி, 384 சளி. என்றும் இளமையான உயிர் மூன்று நாள் வெக்கைக்குத் தாங்கவில்லை.

நீ ஒன்றுவிடாமல் எண்ணினாய். எல்லாம் செத்ததை எதற்குடா எண்ணுகிறாய் என்று கத்தினேன். ஒரு மணி நேரம் எண்ணினாய்.

மேடம் வந்தார். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நீ முதல் வரிசையைப் பிடித்த அதே குளத்தில் இன்னும் இருக்கும் என்றாய், கட்கி ராணுவப் பகுதிக்குப் பின்னால். புதிதாகத் தொடங்கலாம், முதல் நாளிலிருந்து. மேடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஸேம் ஸ்பீஷீஸ் ஹை நா? தோ நம்பர் கன்டின்யூ கரோ." அதே இனம்தானே, எண்ணிக்கையைத் தொடர்.

நீ என்னைப் பார்த்தாய். நான் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோனேன்.

திரும்பி வந்தபோது நீ பதிவேட்டை மூடியிருந்தாய். திறந்து பார்த்தேன். அன்றைய தேதிக்கு எதிரே, இறப்புப் பத்தியில், எண்ணுக்குப் பதில் அந்தச் சொல். அமரர். இந்தமுறை அர்த்தம் தெரிந்தே எழுதியிருந்தாய். மேடத்துக்குத் தமிழ் தெரியாது, மாற்றச் சொல்ல மாட்டார், நமக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று உன் கணக்கு. நான் சிரித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அந்த வாரமே குளத்திலிருந்து பிடித்த புதிய ஹைட்ராக்களைக் குழிகளில் விட்டு, பழைய நாள்கணக்கையே தொடர்ந்தோம்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ செய்தது முட்டாள்தனம். 384 என்று எண்ணால் எழுதியிருக்க வேண்டும்டா. அவ்வளவு நேரம் உட்கார்ந்து எண்ணிவிட்டு, அந்த எண்ணை எழுதாமல் ஒரு விளையாட்டுச் சொல்லை எழுதினாய். எண்ணாக இருந்திருந்தால் யாராலும் அதை வெட்டியெடுத்து விளம்பரத்தில் போட்டிருக்க முடியாது. இந்த ஏப்ரலில் மேடம் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சொல்லின்மேல் கைபேசியைப் பிடித்தார். கைபேசி 'மரணமில்லாதவர்' என்று மொழிபெயர்த்தது. அவர் கண் நிஜமாகவே கலங்கியது. நடித்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. "அவனே பெயர் வைத்திருக்கிறான் பார். மரணமில்லாதவர் என்றுதானே அர்த்தம்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆமாம் மேடம்" என்றேன். அகராதிப்படி அது பொய்கூட இல்லை.

உன் இரங்கல் கூட்டத்திலும் இவர் இப்படித்தான் பேசினார். உனக்கு இனி என்றைக்கும் முப்பத்தொரு வயதுதானாம், நீதான் உண்மையில் மூப்பில்லாதவனாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எழுந்துபோகத் தோன்றியது. மூப்பில்லாமல் இருப்பது ஒரு வேலை. ஹைட்ரா அதை இரவுபகலாகச் செய்கிறது, தேய்ந்ததைக் கழற்றி எறிந்து புதிதாக உண்டாக்கி. செத்தவன் எதையும் செய்வதில்லை. அழுகுவான், அல்லது எரிப்பார்கள். உன்னை எரித்தோம். நான் பார்த்தேன். இதில் இளமை எங்கிருந்து வந்தது?

இதுவரை எழுதியதெல்லாம் சுலபம். இனிமேல் வருவதற்குத்தான் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

போன செப்டம்பர், புதன்கிழமை காலை நீ போன் செய்தாய். "காய்ச்சல்டா. உடம்பு அடிச்சுப் போட்டா மாதிரி கீது. ரெண்டு நாள் வரல."

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மாத்திரை போட்டுட்டு வந்து எண்ணிட்டுப் போயிரு. வெள்ளிக்கிழமை காசு போடறவங்க வராங்க. எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா வரிசை அறுந்துரும்."

"வரிசையா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். அப்புறம், "சரி, டென்ஷன் நக்கோ, வேணாம்டா, வரேன்" என்றாய்.

இரண்டு மணி நேர வேலை. நானே எண்ணியிருக்கலாம். நான் அந்த நேரத்தில், வெள்ளிக்கிழமை காட்டுவதற்காக, படுத்திருக்கும் கோட்டுக்குப் பச்சை நிறம் நன்றாக இருக்குமா நீலம் நன்றாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கனவே அறுந்துபோன வரிசை அது. அதற்காக உன்னைப் புதனும் வியாழனும் ரயிலேற்றினேன். ஜெர்கினுக்குள் நடுங்கிக்கொண்டு எண்ணினாய். இரண்டு நாளும் 384, இறப்பு 0. இரண்டையும் சரியாக எழுதியிருக்கிறாய், எண்ணில்தான் கொஞ்சம் நடுக்கம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் விழுந்துகொண்டே போயின. ஞாயிறு மதியம் முடிந்தது.

இரண்டு நாள் முன்பே படுத்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாது என்பது இல்லை என்பதாகாது.

போன ஞாயிறு உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். மேடம்தான் அனுப்பினார், புத்தகத்தைக் கொடுத்து, பெருமைப்படுவார் என்று சொல்லி. எனக்கும் உள்ளூர அதுதான் கணக்கு. அவர் சந்தோஷப்பட்டால் அதைக் காரணமாக வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "தழும்பு எங்க?" என்றார்.  பிறகு பக்கத்திலிருந்த உன் எழுத்தில் விரலை வைத்தார். நீ தடுமாறுகிற தமிழை அவர் சரளமாகப் படிப்பார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"இன்னாபா இது, அமரர்னு எழுதிகிறான்? எது செத்துப்போச்சு?"

"அது... பேருங்கப்பா. ஹைட்ராவுக்கு வெச்ச பேரு."

"உயிரோட கீறதுக்கு எவனாச்சும் அமரர்னு பேரு வெப்பானா? பதினாறாம் நாள் பத்திரிகைல இவன் பேருக்கு முன்னால அதான போட்டோம். நீதான எழுத்துப் பிழை பார்த்து குட்த." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எது செத்துச்சு?"

சொன்னேன். மே மாதம், வெக்கை, சளி, எல்லாவற்றையும்.

"எத்தினி?"

"முந்நூத்தி எம்பத்தி நாலுங்க."

"அதை எழுத வாணாமா?" குரலை உயர்த்தவே இல்லை. "எங்க ஃபேக்டரி ஷாப்புல ஒரு ரவுண்டு தோட்டா வெடிக்காம போச்சுன்னா, அதையும் எழுதணும். நல்லா வெடிச்சதை எழுத மறந்தாகூட பரவால்ல. வெடிக்காததை எழுதாம வுட்டா, அட்த்து தொடறவன் கை போவும்." புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினார். "எட்த்துக்கினு போ. இது என் பையன் இல்ல."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

"ஒன்னு கேக்கணும்னே இருந்தேன்பா. அந்த கடைசி ரெண்டு நாளு, அவ்ளோ காய்ச்சல்ல இன்னாத்துக்கு வேலைக்கு ஓடுனான்? அவங்கம்மா அழுதுகினே தடுத்தா. அர்ஜன்ட்டு, போயே ஆவணும்னான். அப்டி இன்னா அர்ஜன்ட்டு?"

"தெரியலைங்கப்பா" என்றேன்.

கட்கி ஸ்டேஷனில் இரண்டு லோக்கலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேடத்தின்மேல் அருவருப்பு, முகப்பூச்சின்மேல் அருவருப்பு, எல்லாம் சரி. ஆனால் நடந்ததை எழுதாமல் விடுவதில் மேடத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினேன். அவர் 384ஐ எழுதவிடவில்லை. நான் ஒன்றை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

உன்னிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது தரைக்கு மேலே ஓடுகிற அந்தக் கோடு. முப்பத்தொரு வயதில் உன் கோடும் தரையை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு கொசு போதுமாயிருந்தது. கூடவே போனில் நான் சொன்ன ஒரு வார்த்தை. எந்த உயிருக்கும் அந்த இடைவெளியை யாராலும் அடைக்கமுடியாது. குறைந்தபட்சம் அகலப்படுத்தாமல் இருக்கலாம். நான் அகலப்படுத்தினேன்.

சரி. இனி செய்யப்போவது.

1. நாளை ஞாயிறு வந்து தீனி போடுவது. அவை எந்தத் தப்பும் செய்யவில்லை.

2. 2023 மே பக்கத்தில் உன் சொல்லுக்குப் பக்கத்தில் 384 என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, என் முழுப்பெயரை எழுதுவது. உன் சொல்லை அடிக்கக்கூடாது.

3. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, அமரர் என்றால் தமிழில் என்ன என்பதை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதி, மேடத்துக்கும் காசு போட்டவர்களுக்கும் ஒரே கடிதமாக அனுப்புவது. திங்கள் பதினொரு மணிக்கு முன்னால்.

4. கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுப்பது. விளக்கம் கேட்டால் கடிதத்தைப் படிக்கச் சொல்வது.

5. உன் படத்தை எடுக்கச் சொல்வது. எடுக்க மாட்டார்கள். எடுக்கும்வரை சொல்வது.

6. வேலை தேடுவது.

7. திங்கள் சாயங்காலம் கட்கிக்குப் போய், அந்த இரண்டு நாளும் உன்னை வரச்சொன்னது நான்தான் என்று உன் அப்பாவிடம், உன் அம்மாவும் இருக்கும்போது, சொல்வது. ஆனால், ஏனென்றால், எதையும் சேர்க்காமல் சொல்வது. அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருப்பது.